நாலாய் மடித்த துப்பட்டா

நோன்புக் கஞ்சியை வீணாக்கக் கூடாது என்ற ஒரே நல்லெண்ணத்தில் நான் ஒரு குடும்பத்தையே கொன்றேன். சின்னக் குடும்பமும் இல்லை. சாந்தோமில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் கிச்சன் பால்கனியில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், என் மனைவி ரூபீனா இரண்டு வருடமாக வளர்த்து வந்த சிவப்பு மண்புழுக்கள். எண்ணிப் பார்த்ததில்லை. கூப்பிட்டால் ஒரு கல்யாண மண்டபம் நிரம்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிவாசலில் தூக்குச் சட்டியை நீட்டினால் விளிம்பு வரை ஊற்றிவிடுவார்கள். "ஒரு ஆளுதான் பாய்" என்று சொன்னால் இரக்கப்பட்டு இன்னொரு கரண்டி விழும். கொத்துக்கறி, பூண்டு, நெய், உப்பு எல்லாம் சேர்ந்த கஞ்சி. ரூபீனா இல்லாத வீட்டில் அதில் பாதி மிஞ்சியது. ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே முந்தைய நாட்களின் கஞ்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சிங்க்கில் ஊற்றக் கை வரவில்லை. என் அம்மா, அம்மி என்றுதான் கூப்பிடுவேன், ஒரு பருக்கையைக்கூட சாக்கடைக்கு அனுப்பியதில்லை. மிஞ்சியது காக்கைக்குப் போகும், காக்கை ஒதுக்கியது பூனைக்குப் போகும், பூனையும் ஒதுக்கியது என் தட்டுக்கு வரும்.

பெட்டியைத் திறந்து ஊற்றிவிட்டேன். சூடு ஆறிவிட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை. "உப்பு, எண்ணெய், எலுமிச்சை, சமைச்சது எதையும் போட்டுடாதீங்க" என்று ரூபீனா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். நான் அதை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்டிருந்தேன்.

மறுநாள் விடியுமுன் சாப்பிட வேண்டிய சஹர் தவறிவிட்டது. கண் விழித்தபோது விடிந்திருந்தது. ஹாலில் காலை வைத்ததும் உள்ளங்காலில் சேமியா மாதிரி ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தேன்.

மூடி இடுக்கு வழியாக எல்லாம் வெளியே வந்திருந்தன. அது நியாயம்தான், வீட்டுக்குள் உப்பும் சூடும் புகுந்தால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் ஓடுகிறவர்கள் கண்ட பக்கமும் ஓடவேண்டும். பால்கனியிலேயே ஈரம் இருந்தது, கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. கிச்சன் தரையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, ஒரே கோடாகப் போய், பூட்டிக் கிடந்த அம்மியின் அறை வாசலில் காய்ந்து கிடந்தன. முன்னால் போனவை கதவில் தலையை முட்டியபடியே செத்திருந்தன. சென்னையில் வரிசையில் நிற்கத் தெரிந்த உயிர்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்த ஜோக்கை நான் வாய்விட்டே சொன்னேன். காலி வீட்டில் அது நன்றாக இல்லை.

பேப்பரில் அள்ளிக்கொண்டு போய், கீழே முருங்கை மரத்தடியில் புதைத்தேன். பெட்டியில் கஞ்சி ஊறிய மேல் மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, காய்ந்த பேப்பரைக் கிழித்துப் பரப்பினேன். அடியில் கிளறிப் பார்க்க மனம் வரவில்லை. மூடிக்குக் கீழே நனைத்துப் போர்த்தும் ரூபீனாவின் பழைய மஞ்சள் துப்பட்டாவைச் சுருட்டி, வந்த மாதிரி எறிந்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன். ராயப்பேட்டையில் தையல் மெஷின் உதிரிபாகம் விற்கிறேன். கொலைகாரனுக்கும் பத்து மணிக்கு ஷட்டர் தூக்கியாக வேண்டும்.

ரூபீனா போன கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மி படுத்த படுக்கையாக ஆறு வருடம் இருந்தார். பார்த்துக்கொண்டது ரூபீனா. மலம் ஜலம் எடுத்தது, புரட்டிப் போட்டது, நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் அவள். நான் கடையிலிருந்து வந்து ஜோக் சொல்வேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒருநாள் அவள் ரங்கநாதன் தெருவில் மூடி போட்ட பெட்டி வாங்கி வந்து, ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காய்ச்சி ஓட்டை போட்டாள். தேங்காய் நார்த் தூளை ஊறவைத்துப் பிழிந்து போட்டு, மேலே கிழித்த பேப்பரும் குளத்தங்கரை மாட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய சாணியும் போட்டாள். அடையாறில் ஒரு அம்மா பிஸ்கட் டப்பாவில் புழு கொடுத்தார். உள்ளே இருந்து அம்மி கத்தினார்: "பேரப்புள்ள வரும்னு பாத்தா மருமவ புழு வளக்கறா!" ஆனால் அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் அம்மி கேட்ட முதல் கேள்வி, "அதுங்க சாப்டுச்சா?" என்பதுதான். நான் சாப்பிட்டேனா என்று கேட்டதாக நினைவில்லை.

போன மழைக்காலத்தில் அம்மி கண்ணை மூடி மவுத்தானார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் நான் அந்த அறையைப் பூட்டினேன். ரமலானுக்குக் கொஞ்சம் முன்னால், திருவான்மியூரில் தனியாக இருந்த ரூபீனாவின் அம்மா ஜைதூன் பீ பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார்.

"அந்த ரூம் சும்மாதானே கெடக்கு?" என்று ரூபீனா கேட்டாள்.

"அம்மி இன்னும் காலி பண்ணல. அட்வான்ஸ் திருப்பிக் குடுக்கணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்து வைத்துக்கொண்டே, "திரும்பி வருவேனான்னு எனக்கே தெரிலங்க" என்றாள். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அப்ப உன் தலகாணிய வாடகைக்கு விட்டுடவா?" என்றேன்.

நோன்பு தொடங்கியதிலிருந்து தினமும் நோன்பு திறந்தபின் போன் வரும். அம்மாவைப் பற்றி ஒரு வரி, மீதியெல்லாம் பெட்டி.

"புழு எப்டி இருக்கு?"

"சூப்பரா இருக்காங்க. உன்ன விசாரிச்சாங்க."

"தோலெல்லாம் பொடிசா அரிஞ்சு போடறீங்களா?"

"அரியறேன். நீ எப்ப வர?"

"துணி ஈரமா இருக்கா?"

நான் எப்போது எதைக் கேட்டாலும் துணி ஈரமா என்றுதான் பதில் வரும். புழுக்கள் செத்த விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. எங்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சு அதுதான். அதையும் கொன்றுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதனால் இல்லாத புழுக்களுக்குத் தினமும் சாப்பாடு போட ஆரம்பித்தேன். தர்பூசணித் தோலைப் பாளம் பாளமாக எறிந்துவிட்டு வருவேன். கையால் எதையும் தொட மாட்டேன்.

முதலில் கவனித்தது துப்பட்டாவைத்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் நனைத்து, பிழிந்து, பேப்பரின்மேல் நாலாய் மடித்துப் போட்டிருந்தது. நான்தான் ஏதோ ஞாபகத்தில் செய்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேண்டுமென்றே கசக்கி எறிந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மறுபடி நாலாய் மடிந்திருந்தது. விளிம்போடு விளிம்பு சரியாக ஒட்டியிருந்தது. எடுத்து முகர்ந்தேன். கோடாலித் தைலம்.

தோல்களும் காணவில்லை. தர்பூசணித் தோல் மட்கப் பல வாரம் ஆகும் என்று ரூபீனாவே சொல்லியிருக்கிறாள். நான் எறிந்த பாளங்கள் மறுநாளே இருக்காது. பேப்பர் மட்டும் அலுங்காமல் பரப்பியிருக்கும். மூடியில் காதை வைத்தால் உள்ளே மிக மெல்ல ஒரு சத்தம். ஈரப் பிளாஸ்டிக் பையை யாரோ தூரத்தில் கசக்குவது மாதிரி.

பக்கத்துக் கடை நூர் முஹம்மதுவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"மச்சி, ரமலான்ல ஷைத்தானுக்கெல்லாம் விலங்கு போட்டுடுவாங்கதானே?"

"ஆமா. அதான் நீ மட்டும் வெளிய சுத்திக்கினு கீற. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அப்ப வீட்ல ஏதாவது நடந்தா அது ஷைத்தான் வேலை இல்லதானே?"

"ஊட்ல இன்னா நடக்குது?"

"துணி மடிச்சு வெச்சிருக்கு."

"எங்க ஊட்டுக்கும் அனுப்பு மச்சி அத" என்றான்.

பதில் கிடைத்தது கீழ்வீட்டு எஸ்தரக்காவிடம். காலையில் லூப் ரோட்டில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புகிறவர். படிக்கட்டில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, பகல்ல என் வீட்டுக்கு யாராச்சும் வராங்களா?"

"நான் மீன பாப்பனா, உன் ஊட்டுக் கதவ பாப்பனா நைனா?"

"இல்லக்கா, சும்மா..."

"ஏன், உன் சம்சாரம் வந்துடுச்சில்ல?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? நீ கடைக்குப் போன பின்னாடி மேல கொயா தொறக்குது, துணி அலசிப் பிழியுது, சொட்டு சொட்டுன்னு எங்க பால்கனில வியுது. நடக்கற சத்தம் மட்டும் இல்ல. பூ மாறி நடக்குது போல." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "வர்ல?"

"வந்துட்டாங்கக்கா" என்றேன்.

மாடி ஏறும்போது நான் கிட்டத்தட்ட ஓடினேன். எல்லாம் விளங்கிவிட்டது. ரூபீனாவிடம் ஒரு சாவி இருக்கிறது. கோடாலித் தைலம் அவளும் தலைவலிக்குப் போடுவாள், அம்மியின் புட்டியிலிருந்தே. நான் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறாள், நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடித்தும் சொல்லாமல் இருக்கிறாள், பெட்டியைக் கவனித்துவிட்டுப் போகிறாள். என் முகத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை. பரவாயில்லை. என் முகம் அப்படி ஒன்றும் பார்த்தே ஆகவேண்டிய முகம் இல்லை. வீட்டை விடவில்லை அல்லவா!

மறுநாள் கிச்சன் மேடையில் அவளுக்குப் பிடித்த பால்கோவா ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனேன். தொடாமல் இருந்தது. நோன்பு வைத்திருப்பவள் பகலில் எப்படித் தொடுவாள் என்பது சாயங்காலம் அதை நானே தின்றபின்தான் உறைத்தது.

அதற்கும் அடுத்த நாள் கொஞ்சம் துப்பறியலாம் என்று தோன்றியது. வீட்டு வாசலிலிருந்து பால்கனி வரைக்கும் தரையில் கோதுமை மாவைச் சலித்துத் தூவிவிட்டுப் போனேன். திரும்பி வந்து லைட்டைப் போட்டேன். மாவில் ஒரு தடம்கூட இல்லை. பால்கனியில் துப்பட்டா நாலாய் மடிந்து, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ரூபீனாவால் அதுவும் முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாவைப் பார்த்து, சீச்சீ என்று பெருக்கி, வேலையை முடித்துவிட்டு, திரும்பவும் அதே மாதிரி தூவிவிட்டுப் போகக்கூடியவள். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அம்மியின் அறைக்கு முன்னால் நான் மாவு தூவவில்லை. அங்கே, கதவுக்கு அடியிலிருந்து, தரையில் ஈரம் படர்ந்திருந்தது. ஒரு கை அகலம்தான் இருக்கும்.

அன்று போன் வந்ததும் கேட்டேன்.

"ரூபி, இன்னிக்கு நீ இங்க வந்தியா?"

"ஏன்?"

"வந்தியா, இல்லியா?"

"துணி ஈரமா இருக்கா?"

"ரொம்ப ஈரமா இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதிய லுஹர் தொழுதுவிட்டு, பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்து, கயிற்றால் கட்டினேன். துப்பட்டாவை மட்டும் நான் தொடவில்லை. மடிந்தபடியே இருக்கட்டும் என்று மேலே மூடியை அழுத்தினேன். எதற்குப் போகிறேன் என்று யோசித்தால் ஒரே கேள்விதான் இருந்தது. அவள் வந்து போகிறாள் என்றால் என்றைக்காவது தங்கவும் செய்வாள். அவள் இல்லையென்றால், என் வீட்டில் துணி பிழிவது யார் என்பதைவிட, அவள் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடையாறு பாலத்துக்கு முன் சிக்னலில் போலீஸ்காரர் பெட்டியைக் காட்டினார்.

"இன்னாது?"

"புழு சார்."

"என்னது?"

"செத்துப்போச்சு சார். ஆனா சாப்புடுது."

நோன்பு நேரத்து வாடல் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "போ, போ, வெயில்ல நிக்காத" என்றார். பாலத்தின்மேல் காற்று பலமாக அடித்தது. அந்தக் காற்றையும் மீறி, என் முழங்கால்களுக்கு நடுவே அந்த மெல்லிய கசங்கல் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் ஒரே அறை. ஜைதூன் பீ கட்டிலில் படுத்திருந்தார். ஒரே பக்கம் படுத்துப் படுத்து முகம் ஒரு பக்கமாய் வீங்கியிருந்தது. ரூபீனா பாதியாக இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்த்தாள்.

"இத ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

இந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் நல்ல ஜோக் ஒன்று தயாராக இருந்தது. பாலத்திலேயே யோசித்து வைத்தது. அதைச் சொல்லவில்லை.

"புழுவெல்லாம் செத்துப்போச்சு, ரூபி. நோன்பு ஆரம்பத்துலயே. கஞ்சிய ஊத்திட்டேன். எல்லாம் வெளிய வந்து, நேரா போய், அம்மி ரூம் கதவுகிட்ட செத்துக் கெடந்துச்சு. உங்கிட்ட இத்தன நாளா பொய் சொன்னேன்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். தரையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். துப்பட்டாவை எடுக்கப் போன கை அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு விரலால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பேப்பரை விலக்கி, மண்ணுக்குள் கையை விட்டாள்.

உள்ளே தர்பூசணித் தோல் இருந்தது. நான் எறிந்த பாளங்கள் அல்ல. பீன்ஸ் பொரியலுக்கு அரிவதுபோல் பொடிப்பொடியாக அரிந்து, ஒரு மூலையில் குழி செய்து புதைத்திருந்தது. அந்த நார்த் தூள் முழுக்க ஏதோ அசைந்தது. ரூபீனா ஒரு பிடி அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். தலைமுடி மாதிரி வெள்ளையாக, நூற்றுக்கணக்கில்.

"குட்டி" என்றாள். "பெருசுங்க போனாலும் அடியில முட்டை இருந்திருக்கும். இப்பதான் பொரிஞ்சிருக்கு."

"அப்ப அந்தத் தோல..."

"இதுங்க இவ்ளோ தோலத் தின்ற அளவுக்கு இன்னும் வளரல." மண்ணை மெல்ல உள்ளே விட்டாள். "இந்தத் தோல யார் அரிஞ்சாங்க?"

"நீதானே?"

"நானா?"

"நீதானே பகல்ல வந்துட்டு வந்துட்டு போற? எஸ்தரக்கா தண்ணிச் சத்தம் கேட்டிருக்காங்க. துணிய மடிச்சு வெக்கறது நீதானே, ரூபி?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். பொய்யாக இருந்தாலும் சரி.

"ஒரு நாள்கூட வரலங்க" என்றாள். "அம்மாவ விட்டுட்டு நான் மாடிப்படியே எறங்கினதில்ல."

கட்டிலிலிருந்து ஜைதூன் பீ, "யாரு வந்திருக்கா, ரூபி?" என்று கேட்டார். ரூபீனா மடியிலிருந்த துப்பட்டாவின் விளிம்பை விரலால் தடவினாள். அதன் மேல் குனிந்து முகர்ந்தாள். அவள் கை மயிர் சிலிர்த்து நின்றது எனக்குத் தெரிந்தது.

"நான் மூணாதான் மடிப்பேன்" என்றாள் மெதுவாக. "ஆறு வருஷம் உங்க அம்மி நெத்தித் துணிய நாலா மடிக்கச் சொல்லி உயிர எடுத்தாங்க. ஒரு விளிம்பு தப்புனா பிரிச்சு மறுபடி மடிக்கணும். அவங்க மவுத்தான மறுநாள்லேந்து அந்த வீட்ல எந்தத் துணியையும் நான் நாலா மடிச்சதில்ல."

வெளியே கோயில் பக்கமிருந்து பஸ் ஹாரன் கேட்டது. பெட்டிக்குள் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது, யாரோ காது கொடுத்துக் கேட்பதுபோல்.

"அந்த ரூம் இன்னும் பூட்டித்தான் கெடக்கா?" என்று கேட்டாள்.

"ம்."

"புழுவெல்லாம் அங்கதான் போச்சா?"

"கதவ முட்டிக்கிட்டு செத்திருந்துச்சு."

கட்டிலைப் பார்த்தேன். ஒரே அறை, ஒரே ஜன்னல், தரையில் அவள் படுக்கும் பாய். ஆறு வருடம் என் அம்மியைத் தூக்கிப் புரட்டிய அதே கைகள். இதைச் சொல்ல எனக்கு ஒரு பெட்டி நிறைய புழு சாக வேண்டியிருந்தது.

"ரூம நான் திறக்கறேன், ரூபி. இன்னிக்கே கழுவி விடறேன். அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துடு. நானும் பாத்துக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்." கட்டிலருகே ஒரு எட்டு வைத்தேன். "வருவியா?"

துணி ஈரமா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அது அவள் மடியை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் துப்பட்டாவைப் பிரித்து உதறி, மூன்றாய் மடித்து, பெட்டியின்மேல் போட்டு, கையால் நீவினாள்.

"நாளைக்கு வரேன்" என்றாள். "ஆனா துணிய நான் மூணாதான் மடிப்பேன். ராத்திரியே உங்க அம்மிகிட்ட சொல்லி வெச்சுடுங்க."